குமிழைத் திருப்பாமல் ஒலியைப் பதிவது

ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் போகும் விழிப்புலனற்ற ஒருவரிடம் கடைக்காரர் முதலில் விலையையும் மைக்கின் தரத்தையும் சொல்வார். அவை பிறகு வரட்டும். ஒலிமட்டத்தை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் முதற்கேள்வி. பல கருவிகளில் அந்த வேலை கண்ணை நம்பியே இருக்கிறது. திரையில் ஏறி இறங்கும் பட்டை விளிம்பைத் தொடாதபடி பார்த்துப் பார்த்துக் குமிழைத் திருப்ப வேண்டும்.

தொட்டால் என்ன? மைக் தரும் மின்னழுத்தத்தைக் கருவி நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக எழுதுகிறது என்று வையுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் 16 இரும இலக்கங்களை ஒதுக்கும் 16 பிட் பதிவில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. கொழும்பின் ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிக்கு வரும்போது தவில் அடி அதைத் தாண்டினால், தாண்டியதெல்லாம் 32,767 என்றே பதிவாகும். அலையின் தலை சீவப்பட்டுக் கரகரக்கும். அதற்குப் பயந்து மட்டத்தைக் குறைத்தால், பக்கத்தில் நிற்கும் அம்மம்மாவின் பேச்சு இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

32 பிட் ஃபுளோட் முறை இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. குறிக்கு 1 பிட், பருமனுக்கு 8, இலக்கங்களுக்கு 23 என எண்ணைப் பிரித்து எழுதுவதால், மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையிலான வீச்சு 1,500 டெசிபெலைத் தாண்டுகிறது. 16 பிட்டுக்கு அது 96தான். ஆனால் எழுதும் தாள் பெரிதானால் மட்டும் போதாது. அளக்கும் சுற்றும் தாங்க வேண்டும். ஆகவே நல்ல கருவிகளில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் மாற்றிகள் இரண்டு இருக்கும். ஒன்று ஒலியைக் கூடுதலாகப் பெருக்கி முணுமுணுப்பைப் பிடிக்கும். மற்றது குறைவாகப் பெருக்கித் தவிலைத் தாங்கும். கணத்துக்குக் கணம் பொருத்தமானதைக் கருவியே எடுத்து இணைக்கும். பெட்டியில் ‘32 பிட்’ என்று அச்சிட்டிருப்பதோடு திருப்திப்படாமல், இரட்டை மாற்றி உண்டா என்று கேளுங்கள்.

ஸூம் நிறுவனத்தின் எச்1எசென்ஷியல் இந்த வகை. பதிவு மட்டத்தைச் சரிசெய்யும் வேலையே அதில் இல்லை. மெனுவை வாய்விட்டு வாசிக்கவும் செய்கிறது. தமிழில் வாசிக்காது, ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு ட்ரிபிள் ஏ பற்றரி போதும், வெள்ளவத்தைக் கடைகளில் கிடைப்பதே.

இதை மந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கருவியின் மைக் தாங்குவது 120 டெசிபெல். தவிலுக்கு மிக அருகே போய் நின்றால் மைக்கே திணறும். எண்கள் அதற்குப் பிறகுதான். காலிமுகத்திடலின் கடற்காற்றும் அப்படித்தான். காற்றுச் சுழல் மைக்கின் மெல்லிய தகட்டை நேரடியாகத் தள்ளுவதால் ‘புடுபுடு’ என்ற சத்தம் பதிவிலேயே ஏறிவிடும். மயிர்க்கவசம் மாட்டினால் காற்று அந்த இழைகளிலேயே வேகம் குன்றும், பேச்சு பெரும்பாலும் அப்படியே உள்ளே போகும். கருவியோடு சேர்த்தே அதை வாங்கிவிடுவது நல்லது.

கோப்பும் பெரிதாகும்: ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 மெகாபைட், 16 பிட்டைப் போல இரண்டு மடங்கு. மெல்லிய பதிவை வீட்டில் கணினியில் உயர்த்திக்கொள்ள ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இருக்கிறது. ஓசாரா நீட்சியைச் சேர்த்தால் என்விடிஏ திரைவாசிப்பானோடு அது நன்றாகவே ஒத்துழைக்கும்.

தொடுதிரையை மட்டும் நம்பிய கருவியானால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.