ஃபிலிமைக் கழுவுவதா, துலக்குவதா?

கேமராவில் எடுத்த ஃபிலிமை மருந்தில் போட்டுப் படத்தை வரவைப்பது, காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் 'ஃபிலிம் கழுவுறது'தான். ஸ்டுடியோவில் கொடுத்தாலும் அதுதான் பெயர், பின்கட்டில் நானே செய்தாலும் அதுதான் பெயர். இந்தச் சொல்லால் ஒரு சுருளே போயிருக்கிறது. சித்தப்பா மகனிடம் ஃபிலிம் போட்டு மூடிய டாங்கைக் கொடுத்து, "ஏழரை நிமிஷம் கழுவு தம்பி" என்றேன். அவன் ஏழரை நிமிஷமும் குழாய்த் தண்ணீரில் கழுவி, அப்புறம் படத்தை நிலைக்க வைக்கும் மருந்தான ஹைப்போவையும் ஊற்றி முடித்துவிட்டான். வந்தது வெற்றுச் சுருள். படம் கிடக்கட்டும், ஓரத்தில் தெரிய வேண்டிய எண்கூட இல்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. கழுவு என்றேன், கழுவினான்.

கழுவுதல் உண்மையில் கடைசி வேலை. முதலில் படத்தை வரவைக்கும் மருந்தான டெவலப்பர், பிறகு ஹைப்போ, அதற்கும் பிறகுதான் தண்ணீர். 'டெவலப்' என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். சுற்றியதைப் பிரிப்பது என்று பொருள். கடித உறையைக் குறிக்கும் 'என்வலப்'பும் அதே வேரில் பிறந்ததுதான். ஒளி பட்ட தாளில் கண்ணுக்குத் தெரியாத உரு ஒன்று தங்கியிருக்கிறது, அதை மருந்தால் வெளியே கொண்டுவரலாம் என்று புகைப்படக் கலையின் முன்னோடியான ஆங்கிலேயர் டால்பட் 1840இல் கண்டுகொண்டார். மடித்து வைத்ததைப் பிரித்துக் காட்டுகிற வேலைக்கு அந்தச் சொல் பொருத்தம்தான்.

தமிழில் இதற்கு 'உருத்துலக்கல்' என்ற கலைச்சொல் இருக்கிறது, மருந்துக்கு 'உருத்துலக்கி'. கேட்க விறைப்பாக இருந்தாலும் துலக்குவது நமக்கு அன்றாட வேலை. பல் துலக்குகிறோம், போலீஸ் துப்புத் துலக்குகிறது, கைராசிக்காரர் தொட்டது துலங்குகிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அப்பத்தா புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பாரே, அதுவும் துலக்கல்தான். பித்தளை உள்ளேயே இருக்கிறது, மேலே படிந்தது போனால் தெரிகிறது. ஒரே வேடிக்கை, விளக்கைத் துலக்கினால் பளிச்சென்று வரும். ஃபிலிமைத் துலக்கினால் ஒளி பட்ட இடம் கறுக்கும். அந்தக் கறுப்பும் வெள்ளிதான், நுண்துகளாக.

எவ்வளவு நேரம் துலக்குவது? எச்.பி.5 ஃபிலிமுக்கு ஐடி-11 மருந்தை நீர் கலக்காமல் ஊற்றினால், 20 டிகிரியில் ஏழரை நிமிஷம் என்பது இரண்டையும் தயாரிக்கும் இல்ஃபோர்டு கம்பெனியின் கணக்கு. சித்திரை மாதம் எங்கள் தொட்டித் தண்ணீர் 20 டிகிரிக்கு எங்கே போவது? ஐஸ் போட்ட வாளிக்குள் மருந்துப் பாட்டிலை நிறுத்தித்தான் இறக்க வேண்டும். சூடு கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதற்காக ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும்.

ஒளியும் நேரமும் எதை மாற்றுகின்றன என்று சோதிக்க எங்கள் வளவே, அதாவது முற்றம் வைத்த வீடே, போதும். இந்தப் பக்கம் நிழலில் கறுத்த தேக்குத் தூண், அந்தப் பக்கம் வெயில் அடிக்கும் முற்றம். பெட்டியில் 400 என்று போட்ட ஃபிலிமை 400, 200, 100 என்று ஒளி அளக்கும் மீட்டரில் மாற்றி மாற்றி ஒரே இடத்தை எடுக்கிறேன்; எண் குறையக் குறைய ஃபிலிமுக்குக் கிடைக்கும் ஒளி கூடும். அதே வரிசையைச் சுருள் முழுக்கத் திரும்ப எடுத்து, இருட்டில் மூன்று துண்டாக வெட்டுகிறேன். முதல் துண்டை ஏழரை நிமிஷம் துலக்கி, தூணின் இழைக்கோடு எந்த எண்ணில் தெரிகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். எனக்கு 200இல்தான் தெரிந்தது. முற்றத்துச் சுவரோ நெகட்டிவில் கரியாக அடைத்துப் போயிருந்தது. அடுத்த துண்டை ஆறு நிமிஷத்தில் எடுத்ததும் காரைப் பூச்சின் வழவழப்பு வந்தது, தூண் பெரிதாக மாறவில்லை. நிழல் ஒளி கொடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நேரம் ஆள்வது பெரும்பாலும் வெளிச்சப் பகுதியை.

இந்த எண்ணைத்தான் ஃபிலிம் 'ஸ்பீடு' என்கிறார்கள். அதை 'வேகம்' என்று அப்படியே மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடுவது ஷட்டர், ஃபிலிம் உணர்கிறது. 'ஒளியுணர்திறன்' சரியான சொல்.

பேச்சில் 'உரு'வை விட்டுவிட்டு 'துலக்கு' என்றாலே போதும். பாட்டிலிலும் 'துலக்கி' என்று எழுதி ஒட்டினேன். அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது விளக்குக்கு ஆகுமா?" என்றார். கீழே 'தொடக்கூடாது' என்று இன்னொரு சீட்டும் ஒட்டவேண்டியதாயிற்று.