சருகும் சோறும்: ஒரு கல்லூரி வளாகம் தன் குப்பையை உரமாக்கும் விதம்

மாசி, பங்குனி மாதங்களில் தமிழ்நாட்டின் பெரிய கல்லூரி வளாகங்கள் பலவற்றில் இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். தூங்குமூஞ்சி, வேம்பு, புங்கை மரங்கள் உதிர்த்த சருகைக் கூட்டி, காம்பவுண்டுச் சுவரோரம் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருப்பார்கள். விடுதி மெஸ்ஸின் பின்வாசலில் எச்சில் சோறும் சாம்பாரும் தளும்பும் டிரம்கள் வண்டிக்காகக் காத்திருக்கும். சருகு புகையாகப் போகிறது. சோறு பன்றிப் பண்ணைக்கோ ஊர்க் குப்பைமேட்டுக்கோ போகிறது. இரண்டுக்கும் இடையே நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சருகை எரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. காற்று கெடுவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நல்ல உரத்துக்கு வேண்டிய இரண்டு பாதிகளையும் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றை எரித்து மற்றொன்றை அழுகவிடுகிறோம் என்பது. சருகு தனியாகக் கிடந்தால் மக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சோறு தனியாகக் கிடந்தால் மறுநாளே நாறும். இரண்டையும் சரியான அளவில் சேர்த்தால் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனை வீசும் உரம் கிடைக்கும்.

ஏன் இப்படி? மக்குதல் என்பது கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சாப்பிட்டுப் பெருகும் வேலை. அவற்றின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு கார்பன் இருக்கிறது. ஆனால் உடலைக் கட்டுவதற்கான உணவு மட்டும் போதாது. உயிர்வாழ ஆற்றல் வேண்டும், அதற்காக இன்னும் பதினாறு பங்கு கார்பனை அவை சுவாசத்தில் எரிக்கின்றன. எட்டும் பதினாறும் இருபத்துநான்கு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் குவியல் நன்றாக மக்கும் என்று உரம் போடுபவர்கள் சொல்லும் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. மெஸ் கழிவில் இந்த விகிதம் சுமார் 15. நைட்ரஜன் மிகுதியாக இருப்பதால் மிச்சமானது அம்மோனியாவாக ஆவியாகி மூக்கைத் துளைக்கிறது. சருகில் விகிதம் 50 அளவில் இருக்கும், சில மரங்களில் அதற்கும் மேல். அங்கே நைட்ரஜன் போதாமல் நுண்ணுயிர்கள் பெருக முடிவதில்லை.

ஈரத்திலும் இதே கதைதான். குவியலின் எடையில் 50 முதல் 60 விழுக்காடு தண்ணீராக இருக்க வேண்டும். சமைத்த சோறு, பொரியல், குழம்பு எல்லாம் சேர்ந்த கழிவில் சுமார் 80 விழுக்காடு தண்ணீர். காய்ந்த சருகில் 10 விழுக்காடு. இரண்டு கிலோ மெஸ் கழிவுடன் ஒரு கிலோ சருகைக் கலந்து கணக்குப் போடுங்கள். கலவையின் ஈரம் 57 விழுக்காடு வரும். கார்பன்-நைட்ரஜன் விகிதம் 29 வரும். இரண்டும் வேண்டிய இடத்திலேயே வந்து நிற்கின்றன. இவ்வளவு எளிதாகப் பொருந்தும் இரண்டு பொருள்களைப் பிரித்துவைத்திருக்கிறோம் என்பதுதான் ஆதங்கம். நடைமுறையில் யாரும் தராசு வைத்து நிறுக்கப் போவதில்லை. சருகு எடையே இல்லாதது என்பதால், ஒரு வாளிச் சோற்றுக்கு நான்கு வாளிச் சருகு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ இந்த அளவு வந்துவிடும். கலவையை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

நம் மெஸ் கழிவுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. அதில் பெரும்பகுதி சோறு. கலந்த முதல் சில நாட்களில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. பழைய சோற்றைப் புளிக்கவைக்கும் அதே கூட்டம்தான். குவியல் புளித்து அமிலமாகிவிட, மக்கவைக்கும் மற்ற நுண்ணுயிர்கள் முடங்கிக் கிடக்கின்றன. சூடு ஏறாது, புளிச்ச வாடை வரும். பல கல்லூரிகளில் ஆர்வத்தோடு தொடங்கும் உரக்குழிகள் முதல் வாரத்திலேயே கைவிடப்படுவதற்கு இந்த வாடையும் ஒரு காரணம். மாற்று எளிது. போன தடவை முடிந்த உரத்தில் ஒரு கூடையைப் புதிய கலவையில் சேர்த்தால் பழகிய நுண்ணுயிர்கள் கூட்டமாக உள்ளே வந்து அமிலத்தைத் தின்றுவிடும். முதன்முறை போடுபவர்கள் சாணிக் கரைசல் சேர்க்கலாம்.

அதன்பின் குவியல் சூடாகும். முதலில் 40 டிகிரி வரை ஒரு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அவை விட்ட சூட்டில் அவையே தாங்க முடியாமல் ஒடுங்க, வெப்பம் விரும்பும் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டு 55, 60, சில நேரம் 65 டிகிரிக்கும் மேல் கொண்டுபோகின்றன. காலையில் குவியலைக் கிளறினால் ஆவி பறக்கும். உள்ளே விட்ட இரும்புக் கம்பியைச் சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டால் கை சுடும். இந்தச் சூடுதான் காவல். எச்சிலோடு வந்த நோய்க்கிருமிகளும் ஈ முட்டைகளும் களை விதைகளும் இதில்தான் அழிகின்றன. மூடிய கலனில் 55 டிகிரி வெப்பம் மூன்று நாள் நீடித்தால் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அளவுகோல். திறந்த நீளக் குவியலாக இருந்தால் பதினைந்து நாள், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வந்தால்தான் அதுவும் வேகும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. சிறிய குவியலில் பிறக்கும் சூடு காற்றிலேயே கரைந்துவிடும். வீட்டு மாடியில் ஒரு பானையில் போடுபவர்களுக்கு இந்தச் சூடு கிடைப்பதில்லை. ஐந்நூறு பேர் சாப்பிடும் விடுதிக்குக் கிடைக்கும். அந்த வகையில் கல்லூரி வளாகம் உரம் போடுவதற்கென்றே அமைந்த இடம்.

இந்தக் கலையை அறிவியல் முறையாக எழுதிவைத்ததிலும் நம் நாட்டுக்குப் பங்கு உண்டு. 1920களில் இந்தூரில் இருந்த தாவரத் தொழில் ஆய்வு நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்ற ஆய்வாளர்கள் பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, குறித்த நாளில் புரட்டி, மக்கவைக்கும் முறையை வகுத்தார்கள். ‘இந்தூர் முறை’ என்று உலகமெங்கும் அது அறியப்பட்டது. அதற்கு அடிப்படையாக இருந்தது இந்திய, சீன உழவர்களின் பழைய வழக்கம்.

புரட்டுவதன் முக்கியக் காரணம் காற்று. ஆக்சிஜன் தீர்ந்துபோனால் குவியல் வேறு கூட்டத்தின் கைக்குப் போய்விடுகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடையும், துர்நாற்றமுள்ள கொழுப்பு அமிலங்களையும், மீத்தேனையும் வெளிவிடுகின்றன. டிரம்மில் மூடிவைத்த எச்சில் சோற்றில் நடப்பது இதுதான். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளின் அடியில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்ததும் இதுதான். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல இருபத்தேழு மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்குகிறது. அது எளிதில் தீப்பற்றவும் செய்யும். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரமே புகையில் திணறியது. குப்பைமேட்டுக்குப் போகும் ஒவ்வொரு டிரம் சோறும் அந்த மேட்டுக்குள் வாயுவைச் சேர்க்கிறது.

சரி, உயிரியல் தன் வேலையைச் செய்துவிடும். செய்ய முடியாமல் அதைத் தடுப்பது மனிதக் கை. மெஸ் கழிவில் விழும் ஊறுகாய்ப் பாக்கெட்டின் முனைத்துண்டு அரைக்கும் இயந்திரத்தில் நூறு துணுக்காகி உரத்தோடு தோட்டத்துக்குப் போகும். அதை யாராலும் திரும்பப் பொறுக்க முடியாது. தேநீர்க் கோப்பை இன்னொரு பொறி. காகிதம்தானே என்று நல்ல எண்ணத்தோடு மாணவர்கள் அதை மக்கும் தொட்டியில் போடுகிறார்கள். அதன் உட்புறத்தில் தண்ணீர் ஊறாமல் இருக்க மெல்லிய பாலித்தீன் படலம் ஒட்டியிருக்கிறது. காகிதம் மக்கியபின் அந்தப் படலம் மட்டும் பாம்புச் சட்டைபோல உரத்தில் கிடக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் ஒன்று. எவர்சில்வர் டம்ளருக்குத் திரும்பிய கேன்டீன்களில் இந்தத் தொல்லையே இல்லை.

மறுசுழற்சிப் பக்கத்திலும் கெடுப்பது கலப்படம்தான். விடைத்தாளும் பழைய குறிப்பேடும் நல்ல விலைக்குப் போகும் பொருள்கள். கூழாக்கி மீண்டும் காகிதமாக்கும்போது நார்கள் ஒவ்வொரு முறையும் சிறிது குட்டையாகின்றன, ஐந்து முதல் ஏழு முறை வரை தாங்கும். ஆனால் எண்ணெய் பட்ட காகிதம் முதல் சுற்றிலேயே பாழ், ஏனென்றால் கூழில் எண்ணெய் பிரியாது. தண்ணீர் பாட்டிலைத் துண்டாக்கிக் கழுவி உருக்கினால் பாலியெஸ்டர் நூலாகிறது. சாம்பார் ஊற்றிய பாட்டிலைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அந்த அடுக்குகளைப் பிரிப்பது கட்டுப்படியாகாது என்பதால் அது பெரும்பாலும் சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகத்தான் முடிகிறது. அதற்குத் தீர்வு தொட்டியில் இல்லை, வாங்கும் கடையில்தான் இருக்கிறது.

கிண்டிக் காட்டை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன. அங்கே இறந்த மான்களின் வயிற்றைப் பிரேதப் பரிசோதனையில் திறந்தபோது பிளாஸ்டிக் பைகள் உருண்டையாக இருந்தன. உணவு வாசனை ஒட்டிய பைதான் மானை இழுக்கிறது. சோற்றையும் பிளாஸ்டிக்கையும் ஒரே தொட்டியில் போடுவதன் விலையை அங்கே ஒரு விலங்கு கொடுத்தது.

அப்படியென்றால் ஐந்தாயிரம் மாணவர்களை எப்படிப் பிரித்துப் போடவைப்பது? சுவரொட்டியால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பது என் எண்ணம். பிரித்துப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்ட அந்த இரண்டு நொடியில் கை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஷான் டஃபி, மிஷெல் வெர்ஜஸ் என்ற உளவியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை தருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கட்டடங்களில் தொட்டிகளின் மூடியை மட்டும் மாற்றினார்கள். பாட்டிலுக்கு வட்டத் துளை, காகிதத்துக்கு நீளப் பிளவு. அவ்வளவுதான். பாட்டில், கேன்கள் சரியான தொட்டியில் விழுவது 34 விழுக்காடு கூடியது. தவறான பொருள் விழுவது 95 விழுக்காடு குறைந்தது. அறிவுரை தேவைப்படவில்லை, துளையே சொல்லிக்கொடுத்தது.

மெஸ்ஸிலும் இதையே செய்யலாம். தட்டு கழுவும் இடத்தில் கொட்டும் டிரம்மின் வாயில் கைப்பிடி அளவு துளையுள்ள தகட்டைப் போட்டு மூடினால் பாக்கெட்டையும் கோப்பையையும் போடக் கை தயங்கும், சோறு விழும். அருகிலேயே, இரண்டாவது அடி எடுத்துவைக்காமல் எட்டும் தூரத்தில், பாக்கெட்டுக்கான தொட்டி இருக்க வேண்டும். மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டி மாடியிலும் மக்காத குப்பைக்கான நீலத் தொட்டி வாசலிலும் இருந்தால் எந்தக் கொள்கையும் உதவாது. தரை ஏற்கெனவே குப்பையாக இருந்தால் மேலும் போடத் தயங்கமாட்டார்கள் என்பதை உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு 1990இல் சோதனைகளில் காட்டியது. ஆகவே தொட்டி நிரம்பி வழியும் முன் எடுப்பது மிக முக்கியம்.

அன்று எவ்வளவு சோறு வீணானது என்பதை மெஸ் வாசலில் கரும்பலகையில் கிலோவில் எழுதிப் போடுவதும் நல்ல வழி. அமெரிக்காவில் 2001இல் ஒஹாயோ பல்கலைக்கழகமும் மயாமி பல்கலைக்கழகமும் எது அதிகம் மறுசுழற்சி செய்கிறது என்று தங்களுக்குள் தொடங்கிய போட்டி பிறகு நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பரவியது. நம் விடுதிகளுக்கிடையே கிரிக்கெட்டில் இருக்கும் வேகம் இதிலும் வரும்.

பணத்தையும் பேச வேண்டும். தொட்டியில் கைவிட்டுக் கலப்படத்தைப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். காகிதமும் பாட்டிலும் விற்ற தொகை அவருக்குச் சேர வேண்டும், தடித்த கையுறையும் மண்வெட்டியும் கல்லூரி வாங்கித் தர வேண்டும். உரக்குழியை உயிரோடு வைத்திருப்பவர் அவர். தொடக்கவிழாவில் புகைப்படத்துக்கு நின்றவர்கள் மறுவாரம் வரமாட்டார்கள்.

சட்டமும் பக்கபலமாக இருக்கிறது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016இலேயே பெருங்கழிவு உற்பத்தியாளர்களாக வகைப்படுத்திவிட்டன.

ஆண்டு நாட்காட்டியும் ஒத்துழைக்க வேண்டும். சருகு கொட்டுவது பிப்ரவரி, மார்ச்சில். சோறு வருவது ஜூன் முதல் ஏப்ரல் வரை. அதனால் சருகை எரிக்காமல் கம்பிவலைக் கூண்டில் சேமித்துவைக்க வேண்டும், மழைக்காலத்துக்கு மேலே ஒரு தகரக் கூரை. நாளுக்கு 50 கிலோ கழிவு வரும் விடுதிக்கு நாளுக்கு 25 கிலோ சருகு வேண்டும். மரம் போதாத வளாகத்தில் மரத்தூளும் தென்னைநார்க் கழிவும் கை கொடுக்கும்.

சூடு தணிந்தபின் குவியலின் மேல் சாம்பல் தூவியதுபோல வெண்மையான படலம் ஒன்று பரவும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பலர் பயந்து கொட்டிவிடுகிறார்கள். அவை ஆக்டினோமைசீட்கள் என்ற பாக்டீரியாக்கள், சருகின் கடினமான நாரைக் கரைப்பவை. முதல் மழையில் நாம் மயங்கும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை உண்டாக்குவதும் இவற்றில் ஒரு பிரிவுதான். இந்தக் கட்டத்தில் மண்புழுவை விடலாம், அதற்கு முன் விட்டால் சூட்டிலேயே செத்துவிடும். சென்னை நியூ கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் நம் மண்ணிலேயே வாழும் புழு வகைகளைக் கொண்டு உரம் தயாரிக்கும் முறையை உழவர்களிடம் கொண்டுசேர்த்தார். ஒரு கல்லூரி வளாகம் இந்த அறிவியலுக்கு என்ன தர முடியும் என்பதற்கு அவர் சான்று.

மெஸ் உணவில் உப்பு உண்டு, அது மக்குவதில்லை, உரத்தில் அப்படியே தங்கும். ஆகவே ஒவ்வொரு குவியலும் முடிந்ததும் வேதியியல் ஆய்வகத்தில் உரத்தைத் தண்ணீரில் கரைத்து, உப்பு மிகுந்தால் கூடும் அதன் மின்கடத்துத்திறனை அளந்துவிட வேண்டும். தாவரவியல் துறைக்கு இன்னும் எளிய சோதனை இருக்கிறது. உரமும் மண்ணும் சரிபாதி கலந்த தட்டில் இருபது வெந்தயம், வெறும் மண்ணில் இருபது வெந்தயம். ஐந்தாம் நாள் முளைகளை எண்ணுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ சமமாக இருந்தால் உரம் தோட்டத்துக்குப் போகலாம். உரத்தட்டில் குறைந்தால் குவியலை நனைத்து மூடி இன்னும் இரண்டு வாரம் விட்டு மீண்டும் விதைத்துப் பாருங்கள். அப்போதும் முளைக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் உப்பு. அடுத்த குவியலுக்குச் சோற்றைக் கொட்டுமுன் சாம்பாரை வடித்துவிடச் சொல்லி மெஸ்ஸுக்குத் தெரிவியுங்கள்.