முகாமில் பிறந்த பிள்ளையின் பிரஜாவுரிமை: கோப்பு எங்கே நின்றுபோகிறது?

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து, பெற்றோரோடு இலங்கையின் வடக்கு கிழக்குக்குத் திரும்பிய பிள்ளைகள் பலருடைய கையில் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கிறது. அம்மா இலங்கையர், அப்பா இலங்கையர், ஆகவே பிள்ளையும் இலங்கையர்தானே என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் இலங்கைப் பிரஜையாக வேண்டுமென்றால் அதன் பிறப்பு பதியப்பட வேண்டும். பிறந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ கொழும்பிலோ, ஒரு வருடத்துக்குள்.

ஒரு வருடம் கடந்துவிட்டதென்று பயந்து விண்ணப்பிக்காமலே இருப்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். தயவுசெய்து அப்படி இருக்க வேண்டாம். தகுந்த காரணம் இருந்தால் காலத்தை நீடிக்க அமைச்சருக்கு அதே பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து வள்ளமேறிய குடும்பத்துக்கு அதைவிடத் தகுந்த காரணம் வேறென்ன வேண்டும்? இன்னொன்று: முன்பு தகப்பன் வழியாகத்தான் வம்சாவளி பார்க்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் மட்டும் இலங்கையராக இருந்தாலும் போதும்.

இந்தியாவில் பிறந்ததால் இந்தியக் குடியுரிமை கிடைத்திருக்கும் என்ற எண்ணமும் பெரும்பாலும் சரியில்லை. 1987 ஜூலை 1க்கு முன் அங்கே பிறந்தவர்களுக்கு அது பொருந்தும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும்; 2004 டிசம்பர் 3க்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது. ஆகவே இங்கே பதியும்வரை அந்தப் பிள்ளைக்குக் கடதாசியில் நாடே இல்லை. சிறு வயதில் இது தெரிவதில்லை, பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்கிறது. 15 வயதில் அடையாள அட்டை எடுக்கவேண்டி வரும்போது, ஓஎல் என்ற சாதாரண தரச் சோதனை நெருங்கும்போதுதான் வீடு பதறுகிறது. அதன்பின் வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம், வாக்குரிமை, கடவுச்சீட்டு என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடும்.

விண்ணப்பித்த பிறகு ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது? நான் பார்த்த கோப்புகளில் பெரும்பாலானவை பெயரில்தான் சிக்கியிருந்தன. தகப்பனுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'குமாரசாமி' என்றிருக்கும். முகாமில் எல்லாரும் குமார் என்றே கூப்பிட்டிருப்பார்கள். பிரசவ நேரத்தில் ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது யாரோ 'குமார்' என்றே சொல்லியிருப்பார்கள். பிள்ளையின் சான்றிதழில் அதுதான் ஏறியிருக்கும். தாயின் பெயருக்கு முன்னால் அங்கே ஒற்றை எழுத்து முதலெழுத்து, இங்கே அவரது தகப்பனின் முழுப்பெயர். பிறந்த திகதியிலும் வித்தியாசம் இருந்தால் அலுவலருக்கு இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரிய வழியே இல்லை. சில சான்றிதழ்களில் பிள்ளையின் பெயருக்குரிய இடமே வெறுமையாக இருக்கிறது, பெயர் வைக்குமுன் பதிந்துவிட்டு அப்புறம் ஒருவரும் போய்ச் சேர்க்கவில்லை.

சின்ன வித்தியாசங்களைச் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்து விளங்கப்படுத்தலாம். ஆனால் தகப்பனின் பெயரே வேறு ஆளைக் காட்டினால் இந்தியச் சான்றிதழையே திருத்தச் சொல்வார்கள். அதைத் திருத்தக்கூடியது பிறப்பைப் பதிந்த அங்குள்ள அலுவலகம்தான். கடல் கடந்து வந்துவிட்ட குடும்பம் கும்மிடிப்பூண்டிக்கோ மண்டபத்துக்கோ திரும்பப் போய் அதைச் செய்வது எப்படி? அங்கே தங்கிவிட்ட உறவினர் யாராவது அலைந்தால் உண்டு. கோப்பு வருடக்கணக்கில் கிடப்பது இந்த இடத்தில்தான். அதனால் முகாமில் இன்னும் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. திரும்புவதென்று முடிவெடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பிள்ளையின் சான்றிதழை இன்றைக்கே எடுத்து உங்கள் பத்திரங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருந்தால் அங்கேயே திருத்துங்கள். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிவதையும் புறப்படுமுன் முடியுங்கள். இந்த வேலைக்கு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலமாகக் கைகொடுத்து வருகிறது.

அடுத்த சிக்கல் பெற்றோரின் சொந்தப் பத்திரங்கள். இடப்பெயர்வில் தொலைந்தவை, எரிந்த வீட்டோடு போனவை. பிரதேச செயலகத்தில் பதிவுப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். தேடியும் பதிவு கிடைக்கவில்லை என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகவேண்டும். பெற்றோரின் வேலை முடியாமல் பிள்ளையின் வேலை நகராது. மலையக வம்சாவளியினருக்கு இது இன்னும் ஒரு படி கூட. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. போரால் இந்தியாவுக்குப் போனவர்களையும் சேர்க்க 2009இல் திருத்தம் வந்தது. முதலில் பெற்றோர் அந்தச் சட்டத்தின்கீழ் வருகிறார்கள் என்பதை நிறுவவேண்டும், அதன்பிறகுதான் பிள்ளை.

கனடா, பிரான்ஸ் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். தாயும் தகப்பனும் அந்த நாட்டுப் பிரஜைகளாகி, இரட்டைப் பிரஜாவுரிமையும் எடுக்காத நிலையில் பிறந்த பிள்ளைக்கு இந்த வழி இல்லை. பிள்ளை பிறந்த அன்று ஒருவராவது இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும்.

எல்லாப் பழியையும் குடும்பத்தின்மேல் போடவும் முடியாது. கோப்பில் ஒரு கடதாசி குறைகிறது என்பதைப் பல மாதம் கழித்துச் சொல்வதும், அந்தக் கடதாசியைக் கொண்டுபோன பிறகு அடுத்த குறையைச் சொல்வதும் நியாயமே இல்லை. முதல் நாளே முழுப் பட்டியலையும் கொடுத்தால் கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கூலியை இழந்து இத்தனை தரம் பஸ் ஏறவேண்டி வராது. குறைகளை எழுத்தில் கேளுங்கள். கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் தரச்சொல்லிக் கேளுங்கள், அரசியலமைப்பு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. விண்ணப்பம் கொடுத்த திகதியும் கோப்பு இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டை விடாமல் வாங்குங்கள். நீண்ட காலம் பதிலே இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று கேட்டு எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை.