அரைக் கட்டை குறைத்துப் பாடுவது ஏமாற்று வேலை அல்ல

குரல் கெட்டவர்களுக்குப் பயிற்சி தரும் என் அறைக்குக் கடந்த மூன்று மாதங்களில் வந்த நான்காவது ராக் பாடகர் அவர். இருபத்திரண்டு வயது, பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு. கல்லூரி விழாக்கள் வரிசையாக நடக்கும் மாதங்களில் ஓரிருவர் குரல் கெட்டு வருவது வழக்கம்தான் என்றாலும், ஒரே காரணத்துக்காக நான்கு பேர் வந்ததைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்திருந்த ஸ்ட்ரோபோஸ்கோப்பிப் பதிவை (குரல்நாண்களின் அசைவைக் காட்டும் வீடியோவை) திரையில் ஓடவிட்டோம். முத்து வெண்மையில் இருக்க வேண்டிய வலது குரல்நாண், பீட்ரூட் சாறு பட்ட துணியைப்போலச் சிவந்திருந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே நுண்ணிய இரத்தக்குழாய் ஒன்று வெடித்து உள்ளுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நடந்ததைத் தாளில் எழுதிக் காட்டினார்: வலியே இல்லை, ஒரு வரியின் நடுவில் குரல் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு பையிலிருந்து அன்றைய செட்லிஸ்டை, அதாவது பாடல் வரிசைத் தாளை, எடுத்து நீட்டினார். மேடைத் தரையில் அதை ஒட்டிய கறுப்பு டேப் இரண்டு மூலைகளில் அப்படியே இருந்தது. மொத்தம் பதினொரு பாடல்கள். எல்லாமே புகழ்பெற்ற ஆங்கில ராக் பாடல்கள். எல்லாமே ஒலிப்பதிவில் உள்ள அதே சுருதியில். அவற்றில் மிக உச்சத்தில் பாட வேண்டிய நான்கும் இடைவெளியே இல்லாமல் கடைசியில் அடுக்கப்பட்டிருந்தன. சுருதியை அரைக் கட்டையாவது (கட்டை என்பது நம் இசையில் சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஏன் குறைக்கவில்லை என்று கேட்டேன். "குறைத்தால் கமெண்டில் கிழித்துவிடுவார்கள்" என்று எழுதினார். மற்ற மூவரும் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

ஒலிப்பதிவில் உள்ளதுதான் பாடலின் உண்மையான வடிவம், மேடையில் அதிலிருந்து சுருதியோ வேகமோ வரிசையோ மாறினால் பாடகருக்குத் திறமை போய்விட்டது அல்லது ரசிகர்களை ஏமாற்றுகிறார் என்று பொருள் என்னும் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கர்நாடக இசைக் கச்சேரியில் ஒருவர் இரண்டு கட்டையில் பாடுகிறார், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார். ஒரே கீர்த்தனையை இருவரும் அவரவர் தொண்டைக்கு ஏற்ற சுருதியில் பாடுவதை நாம் குறையாக நினைத்ததே இல்லை. வயது ஏறும்போது அரைக் கட்டை, ஒரு கட்டை என்று இறக்கிக்கொள்வதையும் இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம். அதே நாம் ராக் பாடகரிடம் மட்டும், இருபத்தைந்து வயதில் பதிவு செய்த சுருதியை அறுபதிலும் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஒலிப்பதிவு என்பது என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அமைதியான அறையில், நன்றாகத் தூங்கி எழுந்த பாடகர், ஒரு வரியைப் பத்து முறை பாடி அவற்றில் சிறந்ததை எடுத்துக் கோத்த தொகுப்பு அது. பிரிட்டிஷ் ராக் குழுவான குவீன் 1975-இல் 'போஹீமியன் ராப்சோடி' பாடலின் ஓபரா பகுதிக்கு மூன்று பேரின் குரல்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு பெரும் கூட்டமே பாடுவதுபோல ஆக்கியது. குழுவின் நான்கு பேர் மட்டும் மேடையில் நின்று அதைப் பாட முடியாது என்பது அவர்களுக்கே தெரியும். எனவே அந்தப் பகுதி வந்ததும் மேடையை விட்டு இறங்கி, ஒலிநாடாவை ஓடவிட்டு, அதன் பிறகு திரும்பி வந்தார்கள். 1985 ஜூலை 13 அன்று வெம்பிளியில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் கிடைத்த சுமார் 21 நிமிடங்களில், அந்தப் பாடலின் தொடக்கப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு ஓபரா பகுதிக்கு முன்பாகவே அடுத்த பாடலுக்குத் தாவினார்கள். அது ராக் வரலாற்றின் மிகச் சிறந்த மேடை நிகழ்ச்சிகளில் ஒன்று என்று இன்றும் கொண்டாடப்படுகிறது. பல மேடைகளில் உச்ச ஸ்வரங்களை டிரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லர் பாட, முதன்மைப் பாடகர் ஃப்ரெடி மெர்குரி அதைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒரு வரியை எடுத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய குரலுக்கே அந்தப் பகிர்வு தேவைப்பட்டது.

பீட்டில்ஸ் குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. 'ரிவால்வர்' ஆல்பம் 1966 ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்தது; அதே மாதம் அமெரிக்காவில் சுற்றிய குழு அதிலிருந்து ஒரு பாடலைக்கூட மேடையில் வாசிக்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பதினொரு பாடல்களோடு அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவர்கள் சுற்றுப்பயணமே போகவில்லை.

மெட்டாலிகா குழு 1990களின் நடுப்பகுதியிலிருந்து தன் பாடல்களில் பெரும்பாலானவற்றை மேடையில் அரைக் கட்டை இறக்கித்தான் வாசிக்கிறது. நம் கணக்கில் சொன்னால், கிட்டாரின் தடித்த தந்தி மூன்று கட்டைக்குப் பதிலாக இரண்டரைக் கட்டையில் நிற்கிறது. அதன் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் 1991 ஆல்பத்தின் காலத்தில் ஒலிப்பதிவின்போது குரல் கெட்டுப்போய், அதன் பிறகே குரல் பயிற்சியாளரிடம் சென்று, மேடைக்கு முன் குரலைச் சூடேற்றும் பயிற்சிகளைப் பழகிக்கொண்டவர். அந்தக் குழுவின் பாடல்களைப் பழைய சுருதியிலேயே பாடி என்னிடம் வந்திருக்கும் இளைஞர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

அரைக் கட்டை குறைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு ஸ்வரத்தில் நொடிக்கு 440 முறை மோதிக்கொள்ள வேண்டிய குரல்நாண்கள் 415 முறை மோதும். ஆனால் அந்த எண்ணிக்கை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒவ்வொரு பாடகருக்கும் குரல் ஒரு தன்மையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் ஒன்று உண்டு. பாடலின் உச்ச வரி அந்த இடத்துக்கு மேலே விழுகிறதா, கீழே விழுகிறதா என்பதை அந்த அரைக் கட்டை பல நேரங்களில் தீர்மானித்துவிடுகிறது. மேலே விழுந்தால் கழுத்தை இறுக்கிக் கத்த வேண்டியிருக்கும்; கீழே விழுந்தால் பாடலாம். இரைச்சலுக்கு நடுவில் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-லேயே எழுதி வைத்தார். டிரம்ஸுக்கு ஆறடி முன்னால், தன் குரலே சரியாகக் கேட்காத மானிட்டரோடு (பாடகரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கியோடு) நிற்கும் பாடகருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

பாடல் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் இசை ரசனை சார்ந்த விஷயமாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு அது தொண்டையின் வேலைப் பட்டியல். நடுவில் வரும் நீண்ட கிட்டார் தனி வாசிப்பு, டிரம்ஸ் தனி ஆவர்த்தனம், மின்சாரக் கருவிகள் இல்லாமல் உட்கார்ந்து வாசிக்கும் அகூஸ்டிக் பகுதி, மைக்கை ரசிகர்கள் பக்கம் நீட்டிப் பல்லவியைப் பாட வைப்பது ஆகிய எதுவும் நேரத்தை ஓட்டும் தந்திரம் இல்லை. அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் பாடகர் தண்ணீர் குடித்து, மூச்சை நிதானப்படுத்தி, குரல்நாண்களுக்கு ஓய்வு தருகிறார். பேர்ல் ஜாம் குழு ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு பாடல் வரிசையை மாற்றுவதில் பெயர் பெற்றது. ஃபிஷ் குழு 2017-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்து ஒரு பாடலைக்கூட இரண்டாம் முறை வாசிக்கவில்லை. இதற்கெல்லாம் முதல் காரணம் இசை மீதான ஆசைதான். ஆனால் வரிசையை மாற்றிப் பழகிய குழுவுக்கு, பாடகருக்குத் தொண்டை சரியில்லாத நாளில் இரண்டு பாடல்களை எடுத்துவிட்டு வேறு இரண்டைப் போடுவது கடினமாக இருக்காது. ஒளியும் திரைக்காட்சியும் நொடிக் கணக்கில் முன்கூட்டியே பூட்டப்பட்ட நிகழ்ச்சியில் அது முடிவதில்லை. நிகழ்ச்சி அமைப்பாளர்களை இங்கே மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: மாற்று வரிசை ஒன்றையும் சேர்த்தே தயார் செய்யுங்கள்.

மாற்றி அமைத்தால் பாடல் குறைந்துவிடும் என்பவர்களுக்கு எரிக் கிளாப்டனின் 'லைலா' ஒன்று போதும். 1970-இல் கிட்டார்கள் அலற, அடித்தொண்டையிலிருந்து கத்திப் பாடிய பாடலை, 1992-இல் இங்கிலாந்தில் நடந்த, மின்சாரக் கிட்டார் இல்லாத அன்பிளக்டு நிகழ்ச்சியில் நாற்காலியில் அமர்ந்து, வேகத்தைத் தளர்த்தி, பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பாடினார். அடுத்த ஆண்டு சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது. மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறோம். 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் நாட்டுப்புறப் பாணிப் பாடல்களால் பெயர் பெற்ற பாப் டிலன் மின்சாரக் கிட்டாரோடு வாசித்தபோது கூட்டத்திலிருந்து ஒருவர், துரோகி என்ற பொருளில், "யூதாஸ்" என்று கத்தினார். அமெரிக்க ராக் பாடகர் ஜான் பான் ஜோவி 2022-இல் பாடத் திணறிய வீடியோக்கள் உலகம் முழுவதும் சுற்றின. அந்த ஆண்டே அவர் குரல்நாணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த வீடியோக்களைச் சிரித்துக்கொண்டே பகிர்ந்தவர்கள், நோயாளி ஒருவரைத்தான் பகிர்ந்தார்கள்.

பாடுகிறவர்களே, இனி நேரடியாக உங்களிடம் பேசுகிறேன். ஒத்திகையில் முதல் பாடலாகப் பாடிப் பார்த்துச் சுருதியை முடிவு செய்யாதீர்கள். எட்டு பாடல் பாடிக் களைத்த பிறகு பாடிப் பாருங்கள், அப்போது எட்டுகிற சுருதியே உங்கள் சுருதி. உச்சமான இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். இணைக்குரல் பாடத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் மேல் வரியை அவரிடம் கொடுங்கள். நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனையான சவுண்ட் செக்கில் முழுக்குரலில் எல்லாப் பாடலையும் பாடித் தீர்த்துவிடாதீர்கள். மேடைக்கு முன் ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென் வகை வலி மாத்திரைகளை நீங்களாகவே விழுங்காதீர்கள்; இரத்தக்கசிவுக்கு அவை வழிவிடும். நான் மேலே சொன்ன இளைஞர் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் மேடையேறினார். பாடும்போது குரல் திடீரென்று அறுந்தால் அந்த வரியோடு நிறுத்துங்கள். "இன்னும் ஒரே ஒரு பாட்டுதானே" என்று தயவுசெய்து தொடராதீர்கள். கிசுகிசுத்துப் பேசுவதையும் ஓய்வு என்று நினைக்காதீர்கள். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகு, தேன், கற்கண்டு என்று இழுத்தடிக்காமல் மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டுங்கள்.

ரசிகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சுருதி குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உங்களுக்குக் காது இருக்கிறது. அதே காதால், குறைத்த சுருதியில் அந்தப் பாடல் எப்படி வந்திருக்கிறது என்பதையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அந்த இளைஞருக்குக் கசிவு வடிந்து, குரல் பயிற்சி தொடங்கி இப்போது ஏழாவது வாரம். போன வாரம் புதிய செட்லிஸ்ட் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். ஒன்பது பாடல்கள், அவற்றில் ஆறு பாடல்களுக்குப் பக்கத்தில் "அரை குறைவு" என்று குறிப்பு, ஐந்தாவதற்குப் பிறகு டிரம்ஸ் தனி வாசிப்பு, ஒரு பல்லவி முழுக்க பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு. ஆனால் மிக உச்சமான பாடலை இன்னும் கடைசியில்தான் வைத்திருந்தார். நான் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டு அதை நான்காவது இடத்துக்கு ஏற்றினேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கூட்டம் அதுவரை சூடேறியிருக்காதே என்று மெல்லிய குரலில் கேட்டார். உங்கள் குரல் சூடேறியிருக்கும் என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேடையேற இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.