நீலம் மறைந்தால் சாயம் போய்விட்டதா?

"மெத்திலீன் நீலக் கரைசலில் வெள்ளைப் பொடியைக் கலந்து வெயிலில் வைத்தோம், நிறம் மறைந்துவிட்டது. சாயம் எங்கே போனது?" என்று மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தப் பொடி துத்தநாக ஆக்சைடாகவோ டைட்டானியம் டை ஆக்சைடாகவோ இருக்கும். துத்தநாக உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெண்ணிற வீழ்படிவு இறங்கும். கழுவி, உலர்த்தி, உலையில் சுட்டால் ஆக்சைடு தயார். வினை நடப்பது மேற்பரப்பில்தான் என்பதால் துகள் மிகச் சிறிதாக அமைய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 600 சதுர மீட்டர்!

இனி நடப்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம். டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வடிவத்தில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி பட்டால் எலக்ட்ரான் மேலே தாவிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்துக்குத் துளை என்று பெயர். இரண்டும் மீண்டும் சேரத் துடிக்கின்றன. சேர்ந்துவிட்டால் வாங்கிய ஒளி வெறும் வெப்பமாகிவிடும். பெரும்பாலான இணைகளின் கதி அதுதான். துகள் சிறிதானால் மேற்பரப்பு அருகிலேயே இருப்பதால், சில தப்பி வெளியே வருகின்றன. துளை, நீரிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை, அதாவது இணையற்ற எலக்ட்ரானுடன் எதையும் தாக்கத் துடிக்கும் துணுக்கை, உண்டாக்குகிறது. தாவிய எலக்ட்ரானைக் கரைந்துள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. ஹைட்ராக்சில் தனி உறுப்பின் ஆயுள் கண்ணிமைப்பில் மிகச் சிறு பங்குகூட இராது. அதற்குள் அருகிலுள்ள சாய மூலக்கூறைத் தாக்கி உடைக்கிறது. தாக்குதல் தொடர்ந்தால் கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். நெருப்பில்லாமல் நீருக்குள்ளேயே நடக்கும் எரிதல் இது.

ஆனால் நிறம் மறைவது முதல் உடைப்பிலேயே நிகழ்ந்துவிடும். நிறமற்ற துண்டுகள் நீரில் மிஞ்சியிருக்கலாம்; அவற்றுள் சில மூலச் சாயத்தைவிடக் கெடுதலானவை. மொத்தக் கரிமக் கார்பனை, அதாவது நீரில் மிஞ்சிய கரிமப் பொருள்களிலுள்ள கார்பனின் அளவை, அளக்காமல் "சாயம் அழிந்தது" என்று எழுதும் ஆய்வுகளை நான் ஏற்பதில்லை. வடிகட்டிய தூய நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துச் செய்யும் சோதனைகளையும் இனி நிறுத்தலாம். உண்மையான கழிவுநீரில் உள்ள பைகார்பனேட்டும் குளோரைடும் தனி உறுப்புகளை இடையிலேயே விழுங்கிவிடுகின்றன. பொடியைத் திரும்பச் சேகரிப்பதும் பெரும்பாடு. ஆராய்ச்சிப் பணம் இவற்றுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த முறை மூன்று குடுவைகள் வையுங்கள்: பொடியுடன் வெயிலில் ஒன்று, பொடியுடன் இருட்டில் ஒன்று, பொடியின்றி வெயிலில் ஒன்று. இருட்டுக் குடுவையிலும் நீலம் வெளிறினால், அந்த அளவு சாயம் எங்கும் போகவில்லை; பொடியின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.