டயாலிசிஸ் அறையில் தொற்று வரும் வழி

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்குத் தொற்றைப் பற்றிய கவலை எழும்போது, அவர் கண் முதலில் போய் நிற்பது பக்கத்தில் இருக்கும் இயந்திரத்தின் மீதுதான். காலையில் யாரோ ஒருவருக்கு ஓடிய இயந்திரம் மதியம் தனக்கு ஓடுகிறதே, அவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி.யோ இருந்திருந்தால் தனக்கும் வந்துவிடாதா என்று வாய்விட்டுக் கேட்பவர் சிலர். கேட்காமல் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்பவர் பலர். அச்சம் நியாயமானதே, ஆனால் இயந்திரத்தின் மீது எழும் சந்தேகத்தில் பெரும்பகுதி தவறான இடத்தில் விழுவது.

ரத்தம் இயந்திரத்துக்குள் போவதில்லை. ரத்த நாளங்களை இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவில் குத்திய ஊசி வழியே வெளியேறும் ரத்தம் பிளாஸ்டிக் குழாய்க்குள்ளேயே ஓடி, டயாலைசர் என்ற உருளையில் அடைக்கப்பட்டிருக்கும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் உட்புறமாகப் பாய்ந்து, மறுபடியும் குழாய் வழியாகவே உடலுக்குத் திரும்புகிறது. இயந்திரத்தின் பம்ப் குழாயை வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தைத் தள்ளுகிறது. அதே நேரத்தில், உப்புகள் கலந்த தூய திரவத்தை நிமிடத்துக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் வீதம் இழைகளின் வெளிப்புறமாக எதிர்த்திசையில் ஓடவிடுகிறது. யூரியாவும் பொட்டாசியமும் இழைச்சுவரின் துளைகளைத் தாண்டி அந்தத் திரவத்தில் கலந்து வெளியேறுகின்றன. அத்துளைகள் சில நானோமீட்டர் அகலமே உள்ளவை. கல்லீரல் அழற்சியையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் 42 நானோமீட்டர், எச்.ஐ.வி. 100 நானோமீட்டருக்கும் மேல். இழை ஏதேனும் அறுந்தால் ரத்தக் கசிவை உணரும் கருவி ஒலி எழுப்பி பம்பை நிறுத்திவிடும்.

கவனம் வேண்டிய ஓர் இடம் உண்டு. குழாயிலுள்ள அழுத்தத்தை அளக்க ஒரு கிளைக்குழாய் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது; அதன் நுனியிலுள்ள சிறிய வட்ட வடிகட்டி காற்றை மட்டும் விட்டு நீர்மத்தைத் தடுக்கிறது. அழுத்தம் திடீரென ஏறி அந்த வடிகட்டி ரத்தத்தில் நனைந்துவிட்டால், அதை உடனே மாற்றுவதோடு, இயந்திரத்தின் பக்கமும் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் வைரஸ் எப்படித்தான் பரவுகிறது? எடின்பரோ நகரின் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் 1969-70ஆம் ஆண்டுகளில் சிறுநீரகப் பிரிவில் பரவிய கல்லீரல் அழற்சி, நோயாளிகளையும் ஊழியர்களையும் சேர்த்து 11 பேரின் உயிரைப் பறித்தது. பிரிட்டனில் 1972இல் வெளியான ரோசன்ஹைம் தலைமையிலான ஆலோசனைக் குழுவின் அறிக்கை, நோயாளிகளையும் ஊழியர்களையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும் என்றும், கிருமி உள்ளவர்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. ஹெபடைடிஸ் பி இருப்பவருக்குத் தனி இயந்திரம், தனி அறை என்று இன்றும் நாம் பார்க்கும் ஏற்பாட்டின் வேர் அந்தக் காலத்து அனுபவத்தில்தான் இருக்கிறது.

தனி இயந்திரம் வைப்பதற்குக் காரணம், இந்த வைரஸ் இயந்திரத்தின் உள்ளே தங்கும் என்பதன்று. வெளியே தங்கும் என்பதுதான். கிருமி உள்ளவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 கோடி வைரஸ்கள் வரைகூட இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் உலர்ந்து கிடந்தாலும், அதில் ஏழு நாள்கள் வரை அவை வீரியம் இழக்காமல் இருக்கக்கூடும். நாற்காலியின் கைப்பிடி, இயந்திரத்தின் பொத்தான்கள், ரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படும் கிளிப், ஒரே கையுறையோடு இரண்டு நோயாளிகளைத் தொடும் கை ஆகியவைதான் அது பயணிக்கும் பாதை. கல்லீரலைத் தாக்கும் மற்றொரு வைரஸான ஹெபடைடிஸ் சி பரவியபோது நடந்த விசாரணைகளிலும் அடிக்கடி அகப்பட்டவை, பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்துக் குப்பிகளும், நாற்காலிக்கு நாற்காலி உருட்டிச் செல்லும் மருந்து வண்டியுமே. தனி இயந்திரம் இருக்கிறது என்ற நிம்மதியில் கையுறை மாற்ற மறக்கும் மையத்தைவிட, இயந்திரங்கள் குறைவாக இருந்தும் கையுறையில் கண்டிப்பாக இருக்கும் மையத்தையே நான் நம்புவேன்.

நம் நாட்டில் செலவைக் குறைக்க டயாலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. அதை அதே நோயாளிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பெயர் ஒட்டியிருப்பதும் அதற்காகவே. பொருத்துவதற்கு முன் அந்தப் பெயரை நோயாளியும் படித்துப் பார்ப்பதில் எந்த அவமரியாதையும் இல்லை. ஹெபடைடிஸ் பி உள்ளவரின் டயாலைசரை மறுபயன்பாட்டுக்கு எடுக்கவே கூடாது.

சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் தேங்கும் கழிவுகள் நோய் எதிர்ப்பு அணுக்களையும் மந்தப்படுத்துகின்றன. அதனால் தொற்று வந்தாலும் கண் மஞ்சளாவது போன்ற அறிகுறிகள் பெரும்பாலும் தெரிவதில்லை. கிருமி சத்தமின்றி நிலைத்துவிடுகிறது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாததற்கு இதுவே காரணம். இதே மந்தம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் பலனையும் குறைக்கிறது. எனவே வழக்கமான அளவைப்போல் இரு மடங்கு, அதாவது 40 மைக்ரோகிராம் வீதம், 0, 1, 2, 6ஆம் மாதங்களில் நான்கு தவணைகளாகப் போடுவது ஒரு நடைமுறை. கடைசி ஊசிக்கு ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகுக்குக் (10 mIU/mL) கீழே இருந்தால் ஊசி போட்டும் பாதுகாப்பு இல்லை என்று பொருள். சிறுநீரகம் ஓரளவு இயங்கும்போதே, டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே போட்டால் பலன் கூடுதல். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் இன்று அதை மாத்திரைகளால், பெரும்பாலும் 12 வாரங்களில், குணப்படுத்த முடிகிறது.

அடுத்தவர் ரத்தத்துக்குப் பயப்படும் நோயாளி தன் தோலிலுள்ள கிருமியை எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரையிலான பதிவுகளில், டயாலிசிஸ் செய்துகொள்ளும் வயது வந்தோருக்கு தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 100 மடங்காக இருந்தது. கழுத்திலோ மார்பிலோ பொருத்திய கேதீட்டர் என்ற குழாய் உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து மிக அதிகம். குழாயின் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது நேரே இதயத்தை நோக்கித் திறக்கும் கதவாகிறது. சொந்த ரத்த நாளங்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவில் அப்படித் திறந்த வாய் எதுவும் இல்லை. கேதீட்டர் உள்ளவருக்கு டயாலிசிஸ் நடக்கும்போது குளிர் நடுக்கம் கண்டால், ஏ.சி.யின் குளிர் என்று போர்வை கேட்டுப் பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே செவிலியரிடம் சொல்ல வேண்டும். நோய்க்கொல்லி மருந்து தொடங்குவதற்கு முன் எடுக்கும் இரத்த மாதிரியில்தான் கிருமி எது என்பது தெளிவாகத் தெரியும்.