வைரோஃபேஜ் என்றால் நச்சுயிரியுண்ணி

மாட்டின் காதுமடலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு உண்ணியைத் தெரியும். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பி ஒட்டிக்கிடக்கும். பிடுங்கினால் லேசில் வராது. வைரோஃபேஜ் என்ற சொல்லுக்குத் தமிழ் தேடியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த உண்ணிதான்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'வைரஸ்' லத்தீன் சொல், நஞ்சு என்று பொருள். 'ஃபேஜ்' கிரேக்கத்தில் தின்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பாக்டீரியாவை அழிக்கும் வைரஸுக்கு 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல் 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயர் வைத்தார். அதே அச்சில் 2008இல் வார்த்ததுதான் 'வைரோஃபேஜ்'. நேர்ப்பொருள், வைரஸைத் தின்பது.

வைரஸுக்கே ஒரு வைரஸா என்று கேட்கத் தோன்றும். கதை இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் தொடங்குகிறது. 1992இல் அங்கே ஒரு குளிர்விப்புக் கோபுரத்துத் தண்ணீரில் இருந்த அமீபாவுக்குள் உருண்டையாக ஏதோ தென்பட்டது. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தது, பாக்டீரியாவுக்கு ஏற்றும் சாயத்தையும் ஏற்றது. பாக்டீரியா என்றே எல்லோரும் நம்பினார்கள். அது வைரஸ் என்று 2003இல்தான் தெரியவந்தது. பாக்டீரியாவைப் போல நடித்ததால் மிமிவைரஸ் என்ற பெயர் கிடைத்தது. அதன் டி.என்.ஏ.வில் சுமார் 12 லட்சம் காரவிணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் படிகள், உண்டு. வைரஸ் உலகில் அது யானை.

பிறகு பாரிஸில் இன்னொரு குளிர்விப்புக் கோபுரம். மிமிவைரஸின் உறவுக்கார ராட்சத வைரஸ் ஒன்று அங்கே அகப்பட்டது. அதோடு சேர்ந்து சுமார் 50 நானோமீட்டர் அளவில் ஒரு பொடி வைரஸும் அமீபாவுக்குள் இருந்ததை பிரெஞ்சு ஆய்வாளர்களான பெர்னார் லா ஸ்கோலா, திதியே ரவுல் குழுவினர் பார்த்தார்கள். 21 மரபணுக்கள், 18,343 காரவிணைகள், அவ்வளவுதான் அதன் சொத்து. தனியாக அமீபாவுக்குள் விட்டால் அதனால் பெருக முடியாது. ராட்சத வைரஸும் உடன் இருந்தால்தான் பெருகும். அதற்கு 'ஸ்புட்னிக்' என்று பெயரிட்டார்கள். ரஷ்ய மொழியில் வழித்துணை என்று பொருள்.

வழித்துணை செய்யும் வேலையைப் பாருங்கள். ராட்சத வைரஸ் அமீபாவுக்குள் நுழைந்ததும் தன் பிரதிகளைச் செய்ய அங்கே ஒரு பட்டறை போடுகிறது. ஸ்புட்னிக் அந்தப் பட்டறைக்குள் புகுந்து தன் பிரதிகளை அடித்துக்கொள்கிறது. வேலை கெட்டுப்போகிறது. ராட்சத வைரஸின் உறைகள் ஒரு பக்கம் மட்டும் அடுக்கடுக்காகத் தடித்து, கோணலாக வெளிவருகின்றன. தொற்றும் திறனுள்ள துகள்கள் சுமார் 70 சதவீதம் குறைந்தன. வெடித்துச் சாகும் அமீபாக்களும் குறைந்தன.

இதில் தின்பது எங்கே இருக்கிறது? யாரும் யாரையும் கடிக்கவில்லை, விழுங்கவில்லை. அடுத்தவர் பட்டறையில் ஒட்டிப் பிழைப்பதுதான் நடக்கிறது. அதனால்தான் 'வைரஸ் விழுங்கி', 'வைரஸ்தின்னி' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. கிரேக்கச் சொல்லில் இருக்கும் பிழையைத் தமிழிலும் ஏன் சுமக்க வேண்டும்?

'உண்ணி' இங்கே அழகாகப் பொருந்துகிறது. ஊனுண்ணி, தாவரவுண்ணி என்னும்போது அது உண்பது. மாட்டுண்ணி என்றால் ஒட்டி உறிஞ்சும் பூச்சி. ஒட்டுண்ணியில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. மூலச்சொல்லின் 'தின்பது' என்ற பொருளும் விட்டுப்போகாது, உண்மையில் நடக்கும் ஒட்டிப்பிழைப்பும் உள்ளே வந்துவிடும். ஆகவே நச்சுயிரியுண்ணி.

சரி, தீநுண்மியுண்ணி என்றால் ஆகாதா? தாராளமாகச் சொல்லலாம். வைரஸுக்கான தமிழ்ச் சொற்களான நச்சுயிரி, தீநுண்மி இரண்டுமே கொரோனா காலத்தில் நம் காதில் விழுந்தவைதான். நான் நச்சுயிரியைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, லத்தீன் மூலத்தின் நஞ்சு அதில் நேராக இருக்கிறது. இன்னொன்று, 'உயிரி'. வைரஸுக்கு உயிர் உண்டா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. ஸ்புட்னிக் வந்தபின் உயிர் உண்டு என்போருக்கு ஒரு புதிய வாதம் கிடைத்தது: இன்னொரு வைரஸால் நோய்ப்படக்கூடிய ஒன்றை உயிரற்றது என்று எப்படித் தள்ளுவது? வழக்கு முடியவில்லை. என் மனம் உயிரி பக்கம் சாய்கிறது.

பெருக இன்னொரு வைரஸின் உதவி தேவைப்படும் 'துணைக்கோள் வைரஸ்' என்று முன்பே ஒரு வகை உண்டு, வைரோஃபேஜும் அதில் அடங்கும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் துணைக்கோள் சுற்றி மட்டுமே வரும். இது உள்ளே புகுந்து கெடுக்கிறது. பெயர் என்ற அளவில் எனக்கு அது போதவில்லை.

உண்ணி என்ற சொல்லையே சோதிக்கும் ஓர் இனமும் உண்டு. கடலில் வாழும் கஃபெட்டீரியா என்ற ஒருசெல் உயிரியின் மரபணுத்தொகுதிக்குள் மாவைரஸ் என்ற நச்சுயிரியுண்ணி தன் டி.என்.ஏ.வைச் சேர்த்து வைத்துவிட்டுச் சும்மா கிடக்கும். ராட்சத வைரஸ் அந்தச் செல்லைத் தாக்கியதும் விழித்துக்கொண்டு பெருகும். தாக்கப்பட்ட செல் பிழைக்காது. ஆனால் அது சாகும்போது வெளியேறும் மாவைரஸ்கள் ராட்சத வைரஸை மேலே பரவவிடாமல் அக்கம்பக்கத்துச் செல்களைக் காக்கின்றன. 2016இல் இது வெளியானது. கஃபெட்டீரியாவைக் கேட்டால் காவல்காரன் என்றே சொல்லும். ஆனால் உண்ணிக்குப் பெயர் அது யார்மேல் ஒட்டுகிறதோ அவரை வைத்துத்தான் வரும். அந்தக் கணக்கில் மாவைரஸும் நச்சுயிரியுண்ணியே.